எழுபதுகளின் எஃப்.எம். ராக்: ஒரு வெள்ளிக்கிழமை மாலையை நீங்களே தொகுப்பது எப்படி

'எழுபதுகளின் சிறந்த ராக்' என்று எந்தச் செயலியில் தேடினாலும் நூறு பாட்டு வந்து விழும். பாட்டுகள் நல்ல பாட்டுகள்தான். ஆனால் வரிசையாகக் கேட்டுப் பாருங்கள், அன்றைய அமெரிக்க எஃப்.எம். ஸ்டேஷன் மாதிரி துளியும் இருக்காது. அந்தப் பட்டியல்கள் ஹிட் பாட்டுகளைப் பொறுக்கி அடுக்கியவை. எஃப்.எம். ராக்கோ ஹிட் வரிசை சலித்துப்போனவர்கள் தொடங்கியது. ஒரு ஆள் எல்.பி. (நீண்ட இசைத்தட்டு) அலமாரி முன்னால் நின்று, கைக்கு வந்ததை எடுத்து, இதற்குப் பின்னால் எது வந்தால் நன்றாக இருக்கும் என்று யோசித்துத் தொடுத்த நிகழ்ச்சி அது. அந்தத் தொடுப்பைத் திரும்பக் கொண்டுவருவது எப்படி என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

நான் 1975-இல் மேற்படிப்புக்காக ஒஹையோ மாநிலத்துக் கிளீவ்லண்டுக்குப் போனவன். அறையில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு ரேடியோ ரிசீவர் இருந்தது. அதன் முள் 100.7-ஐ விட்டு நகரவே நகராது. அது டபிள்யூ.எம்.எம்.எஸ். ஸ்டேஷன். அன்று கேட்டுப் பழகிய காதோடுதான் இதை எழுதுகிறேன், ஆகவே உதாரணங்களில் கிளீவ்லண்ட் வாடை தூக்கலாக இருக்கும்.

பின்னணி கொஞ்சம் தெரிந்தால் போதும். அமெரிக்காவில் எஃப்.எம். ஸ்டீரியோ ஒலிபரப்புக்கு 1961-இல் அனுமதி கிடைத்தது. ஆனாலும் பல முதலாளிகள் தங்கள் ஏ.எம். (ஹிட் வரிசை ஓடிய பழைய வானொலி முறை) நிகழ்ச்சியையே எஃப்.எம்.மிலும் ஓடவிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு லட்சம் பேருக்கு மேல் உள்ள நகரங்களில் பாதி நேரத்துக்கு மேல் அப்படிச் செய்யக்கூடாது என்று 1964-இல் விதி வந்தது, 1967-இல் நடைமுறையானது. திடீரென்று காலி நேரம். அதை நிரப்ப யாராவது வேண்டும். அதே 1967-இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் கே.எம்.பி.எக்ஸ். ஸ்டேஷனில் டாம் டோனஹ்யூ எல்.பி.களைப் போட ஆரம்பித்தார். நியூயார்க்கில் டபிள்யூ.என்.இ.டபிள்யூ., பாஸ்டனில் டபிள்யூ.பி.சி.என்., லாஸ் ஏஞ்சலஸில் கே.எம்.இ.டி. என்று மற்ற ஊர்களிலும் பற்றிக்கொண்டது.

இனி வேலை. முதலில் ஒரு ஊரையும் ஒரு தேதியையும் முடிவு செய்யுங்கள். 'எழுபதுகள்' என்பது பத்து வருஷம், அதில் 1971-இன் ஸ்டேஷனும் 1978-இன் ஸ்டேஷனும் வேறு வேறு. நான் எடுத்துக்கொள்வது கிளீவ்லண்ட், 1976 அக்டோபர், வெள்ளிக்கிழமை மாலை ஆறு முதல் ஒன்பது வரை. தேதியைக் குறித்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும், ஏனென்றால் அதற்குப் பின் வந்த எதையும் தொடக்கூடாது. ஈகிள்ஸின் 'ஹோட்டல் கலிஃபோர்னியா' அந்த டிசம்பரில்தான் வந்தது. ஃபிளீட்வுட் மேக்கின் 'ரூமர்ஸ்' 1977 பிப்ரவரி. குயீனின் 'வீ வில் ராக் யூ' 1977 கடைசி. மூன்றும் வெளியே! முதலில் கை கூசும், ஆனால் அந்த இடங்களில் எவ்வளவு நல்ல பாட்டுகள் வந்து உட்காருகின்றன என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

அப்போது புதுசாக ஓடிக்கொண்டிருந்தவை எவை? பாஸ்டன் குழுவின் முதல் ஆல்பம் ஆகஸ்டில் வந்திருந்தது. பீட்டர் ஃபிராம்ப்டனின் இரட்டை லைவ் ஆல்பம் ஜனவரியிலிருந்தே ஓய்வில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. ஸ்டீவ் மில்லரின் 'ஃபிளை லைக் அன் ஈகிள்', ஏரோஸ்மித்தின் 'ராக்ஸ்', புளூ ஆய்ஸ்டர் கல்ட்டின் 'டோன்ட் ஃபியர் த ரீப்பர்', ஹார்ட் குழுவின் 'கிரேஸி ஆன் யூ', தின் லிசியின் 'த பாய்ஸ் ஆர் பேக் இன் டவுன்'. புதுசும் பழசும் ஏறத்தாழப் பாதிப் பாதி வையுங்கள். பழசு என்றால் ஹெண்ட்ரிக்ஸ், கிரீம், பீட்டில்ஸ், தி ஹூ. அறுபதுகளின் பாட்டு இல்லாத 1976 ஸ்டேஷனை நான் கேட்டதில்லை.

அடுத்தது பதிப்பு. இதில்தான் பெரும்பாலான தொகுப்புகள் சறுக்குகின்றன, ஆகவே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். எஃப்.எம்.மில் ஓடியது எல்.பி.யில் இருந்த முழுப் பாட்டு. ஏ.எம்.முக்காக வெட்டிய சிங்கிள் (ஒற்றைப் பாட்டுத் தட்டு) வேறு. டெரெக் அண்ட் த டாமினோஸின் 'லேலா' எல்.பி.யில் 7 நிமிடம், 1971-இல் வந்த வெட்டிய சிங்கிள் 3 நிமிடம்கூட இல்லை. கடைசியில் வரும் அந்தப் பியானோப் பகுதி முழுவதும் போயிற்று. யெஸ் குழுவின் 'ரவுண்டபவுட்' எட்டரை நிமிடத்திலிருந்து மூன்றரையாகச் சுருங்கியது. தி ஹூவின் 'வோன்ட் கெட் ஃபூல்ட் அகெய்ன்' கதையும் அதேதான். லினர்ட் ஸ்கினர்ட் குழுவின் 'ஃப்ரீ பேர்ட்' 9 நிமிடம், சிங்கிளில் பாதிதான் மிச்சம். லெட் செப்பெலினின் 'ஸ்டேர்வே டு ஹெவன்' 8 நிமிடம். அதை அமெரிக்காவில் கடைகளில் சிங்கிளாக விற்கவே இல்லை. எஃப்.எம். ஸ்டேஷன்கள்தான் அதை வீடு வீடாகக் கொண்டுசேர்த்தன.

இன்றைய செயலிகளில் ஒரே பாட்டு நான்கைந்து முறை கிடக்கும். பெயரைப் பார்த்து எடுக்காதீர்கள், நேரத்தைப் பாருங்கள். 'ரீப்பர்' 5 நிமிடத்துக்கு மேல் இருந்தால் சரியானது. மூன்றே முக்கால் என்றால் நடுவில் கிட்டார் புயலடிக்கும் இடத்தை வெட்டியிருக்கிறார்கள். 'மிக்ஸ்' என்று பக்கத்தில் பிற்கால ஆண்டு போட்டிருந்தால் விட்டுவிடுங்கள், அது பிற்பாடு யாரோ புதிதாகக் கலந்தது. 'ரீமாஸ்டர்', அதாவது பழைய கலவையையே ஒலி மெருகேற்றியது, ஆனால் பரவாயில்லை.

நீளமான பாட்டு ஸ்டேஷனில் என்ன செய்தது என்பதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன். 1974-இல் ரஷ் என்ற கனடாக் குழுவை அமெரிக்காவில் யாருக்கும் தெரியாது. அவர்கள் சொந்தமாக வெளியிட்ட எல்.பி. டபிள்யூ.எம்.எம்.எஸ்.ஸில் இசைப் பொறுப்பிலிருந்த டானா ஹால்பர் கைக்கு வந்தது. டி.ஜே.க்களுக்கு (பாட்டுப் போடும் அறிவிப்பாளர்களுக்கு) ஓரிரு நீளமான பாட்டு எப்போதும் கைவசம் வேண்டும், கழிவறைக்குப் போய்வர வேறு வழியில்லை. ஹால்பர் 'ஒர்க்கிங் மேன்' 7 நிமிடம் என்று பார்த்து ஓட்டச் சொன்னார். எஃகு ஆலைகள் நிறைந்த ஊரில், வேலைக்குப் போய்த் திரும்பும் ஒருவனைப் பற்றிய பாட்டு. பாடுவது லெட் செப்பெலின் என்றே நினைத்து, அவர்களின் புது எல்.பி. எப்போது வந்தது என்று கேட்டு ஸ்டேஷனுக்கு போன் மேல் போன். கொஞ்ச நாளில் மெர்க்குரி நிறுவனம் ரஷ்ஷோடு ஒப்பந்தம் போட்டது. உங்கள் தொகுப்பிலும் மணிக்கு ஒரு தடவையாவது ஏழு நிமிடத்தைத் தாண்டும் பாட்டு இருக்கட்டும், அதில் ஒன்று கட்டாயம் 'ஒர்க்கிங் மேன்'.

இரட்டைப் பிறவிகளைப் பிரிக்காதீர்கள். எல்.பி.யில் இடைவெளியே இல்லாமல் அடுத்ததற்குள் நுழையும் பாட்டுகளை ஊசியைத் தூக்காமல் சேர்த்தே ஓட்டினார்கள், கேட்பவர்களுக்கும் அது ஒரே பாட்டாகப் பதிந்துபோனது. ஸீ ஸீ டாப்பின் 'வெய்ட்டிங் ஃபார் த பஸ்' வந்தால் 'ஜீஸஸ் ஜஸ்ட் லெஃப்ட் சிகாகோ' பின்னாலேயே வரவேண்டும். செப்பெலினின் 'ஹார்ட்பிரேக்கர்' நின்ற மறுநொடி 'லிவிங் லவிங் மெய்ட்'. பிங்க் ஃபிளாய்டின் 'பிரெய்ன் டேமேஜ்' முடிந்தால் 'எக்லிப்ஸ்'. 'ஃபிளை லைக் அன் ஈகிள்' முன்னால் இருக்கும் 'ஸ்பேஸ் இன்ட்ரோ' என்ற ஒரு நிமிடச் சின்தசைசர் ஒலியையும் சேர்த்து எடுங்கள்.

இப்போது தொடுப்பு. மூன்று நான்கு பாட்டு சேர்ந்தது ஒரு செட். செட்டுக்குள் பேச்சு கிடையாது. ஒரு பாட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஏதாவது ஓர் உறவு இருக்கவேண்டும்: சுருதி, வாத்தியம், வாசித்த ஆள், வரியில் வந்த ஒரு சொல், எதுவானாலும் சரி. நான் கட்டியதில் எனக்கு மிகவும் பிடித்த செட்டைச் சொல்கிறேன். 'லேலா'வின் பியானோப் பகுதி அடங்கும்போது டுவேன் ஆல்மனின் ஸ்லைடு கிட்டார் கடைசியில் குருவி மாதிரி கீச்சென்று கூவும். அந்தக் கூவல் மறைவதற்குள் பீட்டில்ஸின் 'பிளாக்பேர்ட்' கிட்டாரைக் கொண்டுவாருங்கள். இடைவெளி அரை நொடிகூட வேண்டாம். இரண்டு நிமிடப் பாட்டு, அதற்குள்ளும் ஒரு பறவை பாடும். அது முடிவதும் ஜி மேஜர் சுருதியில், ஒற்றை அக்கூஸ்டிக் கிட்டாரில். அதே ஜி மேஜரில் அதே மாதிரி அக்கூஸ்டிக் கிட்டாரோடு தொடங்குகிறது செப்பெலினின் 'ஓவர் த ஹில்ஸ் அண்ட் ஃபார் அவே'. இரண்டும் ஒரே பாட்டுதான் என்று காது நம்பிக்கொண்டிருக்கும்போது டிரம்ஸ் இறங்கும். மொத்தம் 14 நிமிடம் சொச்சம். முதல் தடவை ஹெட்போனில் இதைக் கேட்டபோது எழுந்து நின்றுவிட்டேன்.

இன்னொரு செட்டுக்கு விதை: ஸ்டீவி வொண்டரின் 'சூப்பர்ஸ்டிஷன்', உடனே ஜெஃப் பெக்கின் 'காஸ் வீ ஹாவ் எண்டெட் ஆஸ் லவர்ஸ்'. இரண்டாவதையும் எழுதியவர் வொண்டர்தான். இதை நான் வேண்டுமென்றே சொல்கிறேன். ஆரம்பகால எஃப்.எம்.மில் வொண்டர், சான்டானா, மைல்ஸ் டேவிஸ் எல்லாம் ராக்கோடு தோளுரசிக்கொண்டு வந்தார்கள். எழுபதுகளின் பிற்பாதியில் லீ ஏப்ரம்ஸ் போன்ற ஆலோசகர்களின் 'சூப்பர்ஸ்டார்ஸ்' முறை ஊர் ஊராகப் பரவியது. எந்தப் பாட்டு எப்போது என்பதை அட்டைகளில் எழுதி வைத்து டி.ஜே.யின் கையைக் கட்டினார்கள், பட்டியல் குறுகியது, கறுப்பினக் கலைஞர்கள் ஏறக்குறைய காணாமலே போனார்கள். ராக் வானொலிக்கு நேர்ந்த பெரிய நஷ்டம் அது என்பது என் திடமான எண்ணம். உங்கள் தொகுப்பில் அந்தத் தவற்றைச் செய்யாதீர்கள். வொண்டரின் 'சாங்ஸ் இன் த கீ ஆஃப் லைஃப்' 1976 செப்டம்பர் கடைசியில் வந்தது, நம் தேதிக்குக் கச்சிதம்.

பேச்சு வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். கட்டாயம் வேண்டும், உங்கள் குரலிலேயே. செட் முடிந்தபின், ஓடியவற்றைக் கடைசியிலிருந்து முதல் வரை திரும்பச் சொல்லுங்கள்: பாட்டு, குழு, எந்த எல்.பி. அவ்வளவுதான். மைக்குக்கு நெருக்கமாக, எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் பேசும் அளவுக்கு மெதுவாக. கத்தினால் அது ஏ.எம். ஆகிவிடும். மணி முடியும் இடத்தில் ஸ்டேஷன் பெயரையும் ஊரையும் சேர்த்துச் சொல்லவேண்டும், அது சட்டம். மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே பெரும்பாலும் டபிள்யூவில் தொடங்கும் பெயர், மேற்கே கே. கற்பனை ஸ்டேஷன் வைத்தாலும் இதை மதியுங்கள்.

கட்டும் முறை. செயலியில் வெறும் பட்டியலாக வைத்துக்கொள்வதானால் ஷஃபிளை அணையுங்கள், கிராஸ்ஃபேடையும் (ஒரு பாட்டு மங்கி அடுத்தது எழுவது) அணையுங்கள், கேப்லெஸ் (இடைவெளியில்லா ஓட்டம்) மட்டும் இருக்கட்டும். என் சிபாரிசு, சொந்த சிடிக்களிலிருந்தோ வாங்கிய கோப்புகளிலிருந்தோ ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் கட்டுவது. இரண்டு ஸ்டீரியோ ட்ராக் திறந்து பாட்டுகளை மாறி மாறிப் போடுங்கள், ஸ்டேஷனில் இரண்டு டர்ன்டேபிள் இருந்த மாதிரி. மேற்படிதல் ஒன்று இரண்டு நொடிக்கு மேல் போகவேண்டாம். குரலைக் கீழே மூன்றாவது ட்ராக்கில் பதிந்து 'ஆட்டோ டக்' போட்டால், நீங்கள் பேசும்போது பாட்டு தானே தணியும். எல்லாம் முடிந்தபின் மொத்தத்துக்கும் இலேசான கம்ப்ரெஷன் (உரத்த, மெல்லிய ஒலிகளின் வித்தியாசத்தைக் குறைப்பது), 2:1 போதும். 1975-இல் ஆர்பன் ஆப்டிமாட் என்ற ஒலி இறுக்கும் கருவி வந்தபின் பல ஸ்டேஷன்கள் ஒலியை இறுக்கிக் கட்டித்தான் அனுப்பின. 'ஸ்டேர்வே'யின் மெல்லிய ஆரம்பம் காரில்கூடத் தெளிவாகக் கேட்டது அதனால்தான். வீட்டில் கேட்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், இணையத்தில் ஏற்றினால் உரிமைச் சிக்கல் வரும்.

மூன்று மணி நேரத்தின் ஓட்டத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. தொடக்கம் சூடாக இருக்கட்டும். வெள்ளி மாலை 5:55-க்கு டபிள்யூ.எம்.எம்.எஸ்.ஸில் டி.ஜே. கிட் லியோ, ஸ்பிரிங்ஸ்டீனின் 'பார்ன் டு ரன்' போட்டு வார வேலைக்குக் கதவடைப்பார். நானும் அந்தப் பாட்டில்தான் தொடங்குவேன். ஏழு மணிக்கு மேல் புதுசுகள், எட்டரைக்கு ஒரு முழு எல்.பி. பக்கம். ஆல்மன் பிரதர்ஸின் ஃபில்மோர் ஈஸ்ட் லைவ் ஆல்பத்திலிருந்து 'விப்பிங் போஸ்ட்' ஒரு பக்கம் முழுக்க 23 நிமிடம். அதற்குப் பின் பேச்சு வேண்டாம், நேராக ஸ்டேஷன் பெயர்.

இது பழகிவிட்டால் அடுத்ததாக 1971 சான் ஃபிரான்சிஸ்கோவை எடுத்துப் பாருங்கள். அங்கே கே.எஸ்.ஏ.என். ஸ்டேஷன், கம்ப்ரெஷன் குறைவு, ஜாஸும் புளூஸும் அதிகம், கிரேட்ஃபுல் டெட் இல்லாமல் ஒரு மணி நேரம் நகராது, செட்டுகள் அரை மணி வரை நீளலாம்.