பயணியை ஏமாற்றும் ஊரும் மாறும் கூட்டமும்: சுற்றுலா நாடுகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாங்காக் அரண்மனைக்குப் போகும் நடைபாதையில், வாசலுக்குக் கொஞ்சம் முன்னால், நறுவிசாகச் சட்டை போட்ட ஒருவர் நிற்பார். வெளிநாட்டு முகம் கண்ணில் பட்டதும், "அரண்மனை இன்று மூடியிருக்கிறது, உள்ளே பூசை நடக்கிறது, மதியத்துக்கு மேல்தான் திறப்பார்கள்" என்பார். அதுவரை வெயிலில் நிற்பானேன், பக்கத்தில் இரண்டு மூன்று புத்தர் கோயில்கள் இருக்கின்றன, சுற்றிவிட்டு வரலாமே என்று டுக்டுக் என்னும் ஆட்டோவையும் அவரே கைகாட்டி நிறுத்துவார். வாடகை வெறும் 20 பாட் (தாய்லாந்து நாணயம்). கோயிலில் யதேச்சையாகப் பேச்சுக் கொடுப்பதுபோல் இன்னொருவர் வந்து, அரசாங்க ரத்தின விற்பனை இன்றோடு முடிகிறது, வாங்கிப்போய் ஊரில் விற்றால் இரட்டிப்பு லாபம் என்பார். கடைசியாக வண்டி போய் நிற்கும் இடம் நகைக்கடை. அரண்மனையோ காலை எட்டரை மணியிலிருந்தே திறந்திருக்கும்.

இது பழைய வித்தை. பயண வழிகாட்டி நூல்கள் பல பத்தாண்டுகளாக எச்சரித்து வருகின்றன. அப்படியும் ஓடுகிறதென்றால், ஏமாறுகிறவர்களைப் படிக்காதவர்கள், பேராசைக்காரர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. எச்சரிக்கை அச்சான மொழியைப் படிக்கிறவர்கள் உஷாராகிவிடுகிறார்கள். அடுத்து வேறொரு நாட்டுக்கு விசா தளர்கிறது, புது விமானம் விடப்படுகிறது, இந்தக் கதையைக் கேள்விப்படாத புதுக் கூட்டம் வந்து இறங்குகிறது. வரும் கூட்டம் மாறும்போதெல்லாம் மோசடிக்காரருக்கு முதலிலிருந்து தொடங்க இடம் கிடைக்கிறது. சுற்றுலாத் துறைகள் மோசடியைக் காவல்துறை பார்த்துக்கொள்ளும் வேலையாகவும், வருகைக் கணக்கைத் தங்கள் வேலையாகவும் தனித்தனியே வைத்திருப்பதுதான் என் கண்ணுக்குப் படும் முதல் கோளாறு. மற்ற பல தவறுகள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

கண்ணுக்குத் தெரியும் ஆளை மட்டும் பிடிப்பது

அந்த டுக்டுக் ஓட்டுநருக்கு 20 பாட்டில் என்ன மிஞ்சும்? ஒன்றும் மிஞ்சாது. ஆளைக் கொண்டுவந்து உள்ளே விட்டால் கடைக்காரர் பெட்ரோல் கூப்பன் தருவார், வியாபாரம் நடந்தால் கமிஷனும் உண்டு. வாசலில் நின்றவருக்கும் கோயிலில் பேசியவருக்கும் பங்கு போகும். பணம் கடையில் பிறந்து தெருவுக்கு வருகிறது. ஓட்டுநருக்கு அபராதம் போட்டால் மறுநாள் வேறொரு ஓட்டுநர் அந்த இடத்தில் நிற்பார்.

இலங்கையில் 2024 ஏப்ரலில் இதையொத்த ஒன்று நடந்தது. கொழும்பில் ஒரு தெருக்கடைக்காரர் கொத்து ரொட்டிக்கு 1,900 ரூபாய் சொல்லி வெளிநாட்டவரிடம் முரட்டுத்தனமாக நடந்துகொண்ட காணொளி பரவியது, கைதும் உடனே நடந்தது. நாட்டின் மானம் போகிறது என்று எல்லோரும் கொதித்தார்கள். கோபம் நியாயம்தான். ஆனால் காணொளியில் சிக்குகிறவர் எப்போதும் தள்ளுவண்டிக்காரராகவே இருக்கிறார். கண்ணாடிக் கதவு போட்ட கடையில் பத்து மடங்கு விலைக்கு விற்கப்படும் கல்லுக்கு முறையான ரசீதே கிடைக்கும். அதை யாரும் படம் பிடிப்பதில்லை.

புகார் குறைவு என்றால் மோசடி குறைவு என்று நினைப்பது

தாய்லாந்தின் பட்டாயா, புக்கெட் கடற்கரைகளில் ஜெட்ஸ்கி என்னும் நீர் மோட்டார்வண்டியின் வாடகையை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டிவிட்டு வந்ததும், அடிப்பக்கத்தில் ஏற்கெனவே இருந்த கீறலைக் காட்டி நஷ்ட ஈடு கேட்பார்கள். சுற்றி நாலு பேர் கூடுவார்கள். மறுநாள் காலை விமானம். பயணி பேரம் பேசி, கேட்டதில் பாதியைக் கொடுத்துவிட்டு அறைக்குத் திரும்புவார். புகார் எங்கே போகும்? எங்கும் போகாது. போனாலும், வழக்கு விசாரணைக்கு வரும் நாளில் சாட்சி சொல்ல அவர் நாட்டிலேயே இருக்க மாட்டார்.

தாய்லாந்துக்கு இது தெரியாமல் இல்லை. சுற்றுலாப் போலீஸுக்கு 1155 என்ற தனி எண் இருக்கிறது. பயணி ஊர் திரும்புவதற்குள் வழக்கை முடிக்க வேண்டும் என்பதற்காக 2013 இல் பட்டாயாவில் சுற்றுலாப் பயணிகளுக்கென்றே நீதிமன்றப் பிரிவும் தொடங்கினார்கள். சரியான திசையில் எடுத்த அடி அது. ஆனாலும் புகார் எண்ணிக்கையைக் காட்டி "நிலைமை கட்டுக்குள் இருக்கிறது" என்று அறிக்கை விடும் பழக்கம் எந்த நாட்டிலும் போகவில்லை. ஏமாந்தவர் சொல்லுகிற இடம் காவல் நிலையம் அல்ல. தன் ஊரில், தன் மொழியில், தன் நண்பர்களிடம் சொல்லுகிறார். அந்தப் புகார் இரண்டு வருடம் கழித்து வருகைக் கணக்கில் தெரியும்.

மலிவு பேக்கேஜைச் சந்தை விரிவு என்று கொண்டாடுவது

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தெரு மோசடியைவிட இது பல மடங்கு பெரியது.

சீனச் சுற்றுலாக் கூட்டம் தாய்லாந்தில் பெருகிய காலத்தில் "பூஜ்ய டாலர் பயணம்" என்றொரு முறை வேரூன்றியது. சீனாவில் ஓர் ஏஜென்சி, விமானம், ஓட்டல், பேருந்து எல்லாம் சேர்த்து அடக்க விலைக்கும் கீழே பேக்கேஜை விற்கும். தாய்லாந்தில் அந்தக் குழுவை வரவேற்கும் நிறுவனத்துக்கு ஏஜென்சியிடமிருந்து காசு வராது. சில நேரம் தலைக்கு இவ்வளவு என்று இவர்களே கொடுத்துக் குழுவை வாங்குவார்கள். போட்ட பணத்தை எடுக்க ஒரே வழி, குழுவை ரத்தினக்கடை, தோல்பொருள் கடை, ரப்பர்பால் மெத்தைக் கடை, பறவைக்கூட்டு மருந்துக்கடை என்று வரிசையாக இறக்குவதுதான். வாங்காதவர்களைக் கைடு பேருந்திலேயே திட்டுவார். தாய்லாந்தில் கைடு வேலை உள்நாட்டவருக்கு மட்டுமே என்பது சட்டம். அதனால் உரிமம் உள்ள தாய்லாந்துக்காரர் ஒருவர் முன்சீட்டில் பேசாமல் உட்கார்ந்திருக்க, சீனாவிலிருந்து வந்தவர் மைக்கைப் பிடித்துக் குழுவை நடத்துவார். உட்கார்ந்திருப்பதற்கே ஒரு சம்பளம்.

இதில் உள்ளூர்த் தெருவோர உணவகத்துக்கு ஒரு பாட் போகாது. ஆனால் விமான நிலையக் கணக்கில் ஒவ்வொருவரும் ஒரு வருகை. அமைச்சகம் மகிழ்ச்சியாக இருக்கும்.

சீன அரசே 2013 அக்டோபரில் அமலான சுற்றுலாச் சட்டத்தில், நியாயமற்ற மலிவு விலையில் குழுவைத் திரட்டிக் கடைகளில் ஈடுகட்டுவதைத் தடை செய்தது. தாய்லாந்து 2016 இல் பெரிய அளவில் களமிறங்கி, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பேருந்துகளைப் பறிமுதல் செய்தது. அந்த ஆண்டின் கடைசி மாதங்களில் சீன வருகை சரிந்தது. மறு ஆண்டு நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்டவர்களை விடுவித்தது, வருகையும் மீண்டும் ஏறியது. அடுக்கடுக்கான நிறுவனங்கள், யாருடைய பெயரில் யார் முதல் போட்டார் என்பது தெளிவில்லாத கணக்குகள், ஒவ்வொரு கடைக்கும் முறையான உரிமம். மலிவாக விற்பது குற்றமா என்று கேட்டால் சட்டத்திடம் நேரான பதில் இல்லை. பேருந்தைப் பிடிப்பது எளிது, கமிஷனைப் பிடிப்பது கடினம். கடைகள் தரும் கமிஷனை வெளிப்படையாகப் பதிவு செய்யவைத்து வரி வாங்கியிருந்தாலே பாதி வியாபாரம் படுத்திருக்கும் என்பது என் எண்ணம்.

பயத்துக்குப் புள்ளிவிவரத்தால் பதில் சொல்வது

2018 ஜூலை 5 அன்று புக்கெட் அருகே படகு மூழ்கி 47 சீனப் பயணிகள் இறந்தார்கள். அப்போதைய துணைப் பிரதமர் பிரவித் வோங்சுவான், சீனர்கள் நடத்திய தொழிலில் சீனர்களுக்கு நேர்ந்தது என்ற தொனியில் பேசினார். சீனச் சமூக வலைத்தளங்கள் கொந்தளித்தன, பிறகு அவர் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. தொழிலின் உரிமை பற்றி அவர் சொன்னதில் விஷயம் இருந்திருக்கலாம். ஆனால் துறைமுகத்தில் படகைப் பரிசோதித்து அனுப்ப வேண்டிய பொறுப்பு யாருடையது? தொடர்ந்து பல மாதங்கள் சீன வருகை குறைந்தது.

2025 ஜனவரியில் வந்தது வேறு மாதிரி. பட வாய்ப்பு என்று நம்பி பாங்காக்கில் இறங்கிய சீன நடிகர் வாங் சிங், எல்லை கடத்தப்பட்டு மியான்மரின் மியாவடியில் இணைய மோசடிக் கூடத்தில் அடைபட்டார். சில நாட்களில் மீட்கப்பட்டார். விடுமுறைப் பயணிக்கும் இந்தக் கடத்தலுக்கும் நேரடித் தொடர்பு இல்லைதான். சீனப் புத்தாண்டு நேரத்தில் பதிவுகள் ரத்தானபோது அதிகாரிகள் அதையே சொன்னார்கள். பிள்ளையை அனுப்பும் தாய்க்கு அந்த வேறுபாடு பொருட்டல்ல. ஏற்கெனவே ரத்தினக்கடையிலும் மெத்தைக்கடையிலும் ஏமாந்த கதைகளை அவர் கேட்டிருக்கிறார்; நடிகரின் செய்தி அவற்றின் மேல் போய் உட்காருகிறது.

அதற்கு முந்தைய ஆண்டு மார்ச்சில்தான் இரு நாடுகளும் ஒருவருக்கொருவர் விசாவையே நிரந்தரமாக நீக்கியிருந்தன. 2024 இல் சுமார் 67 லட்சம் சீனர்கள் வந்த இடத்தில், 2025 இல் வந்தவர்கள் சுமார் 45 லட்சம்தான். மார்ச் மாத நிலநடுக்கம், கம்போடிய எல்லைச் சண்டை, வலுவான பாட் என்று வேறு காரணங்களும் சேர்ந்தன. எல்லாவற்றையும் மோசடியின் தலையில் கட்டுவதும் தவறுதான். ஆனால் விசாவைத் தளர்த்தினால் நம்பிக்கை தானாக வந்துவிடும் என்ற எண்ணம் அந்த ஆண்டு பலிக்கவில்லை.

ஒரு சந்தை போனால் இன்னொன்று அந்த இடத்தை நிரப்பும் என்று நம்புவது

2019 இல் தாய்லாந்துக்கு வந்த வெளிநாட்டவர் கிட்டத்தட்ட 4 கோடி. அதில் சீனர்கள் ஏறக்குறைய 1.1 கோடி. 2025 இல் மொத்தம் சுமார் 3.3 கோடி, முதலிடத்தில் மலேசியா, மயிரிழையில் பின்னால் சீனா. இந்தியர்கள் 2019 இல் சுமார் 20 லட்சமாக இருந்து 25 லட்சத்தை எட்டியிருக்கிறார்கள். மொத்தம் 2019 ஐ எட்டாவிட்டாலும், காகிதத்தில் பார்த்தால் சீனர்கள் விட்ட முதலிடத்துக்கு வேறொருவர் வந்துவிட்டார்.

தரையில் அப்படி இல்லை. மலேசியர் பெரும்பாலும் தரைவழியே எல்லை தாண்டித் தென் தாய்லாந்தின் ஹாட்யாய் பக்கம் வந்து, வார இறுதியில் திரும்பிவிடுவார். அவரால் பட்டாயாவில் நாற்பது இருக்கைப் பேருந்தை வைத்திருப்பவருக்கு வேலை இல்லை. சீனம் கற்று உரிமம் எடுத்த கைடு ரஷ்யக் குழுவை நடத்த முடியாது. குளிர்காலம் முழுக்கத் தங்கும் ஐரோப்பியரும், நாலு நாள் வந்து போகும் இந்தியக் குடும்பமும் கணக்கேட்டில் ஆளுக்கு ஒரு தலைதான். வேலை இழந்த பேருந்துக்காரரும் கைடும் வாடகை கட்ட முடியாத கடைக்காரரும் எங்கே போவார்கள்? குறைந்த கூட்டத்தில் ஆளுக்கு அதிகமாகக் கறக்கத்தான் பார்ப்பார்கள். மோசடி பெருகும் காலம், கூட்டம் அலைமோதும் காலத்தைவிடக் கூட்டம் வற்றும் காலமாகவே இருப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஒரே சந்தையைப் பிடித்துத் தொங்குவதன் ஆபத்தைத் தென்கொரியா வேறு வழியில் கற்றது. அமெரிக்க ஏவுகணைத் தடுப்பு அமைப்பைத் தென்கொரியாவில் நிறுவுவது பற்றிய தகராறில் 2017 மார்ச்சில் சீனா குழுப் பயணங்களை நிறுத்தியதும், முந்தைய ஆண்டில் 80 லட்சமாக இருந்த சீன வருகை சுமார் 42 லட்சமாக விழுந்தது. அதில் மோசடி எதுவும் இல்லை, வெறும் அரசியல்.

விலை வித்தியாசம் எல்லாவற்றையும் மோசடி என்பது

தாஜ்மகாலில் வெளிநாட்டவருக்கு 1,100 ரூபாய், இந்தியருக்கு 50. இது அறிவிக்கப்பட்ட அரசுக் கட்டணம். பிடிக்காமல் போகலாம், மோசடி அல்ல. ஆனால் தாய்லாந்தின் பல இடங்களில் உள்ளூர்க் கட்டணத்தைத் தாய்லாந்து மொழி எண்களிலும், வெளிநாட்டவர் கட்டணத்தை நமக்குப் பழக்கமான எண்களிலும் எழுதியிருப்பார்கள். சட்டப்படி சரியே. இருந்தாலும் அந்தக் குறியைப் படிக்கத் தெரிந்த அன்று பயணிக்கு வரும் எரிச்சல், டுக்டுக்காரர் மேல் வரும் எரிச்சலைவிடக் குறைவாக இருக்காது. வித்தியாசம் வைக்கிறவர்கள் அதை மறைக்காமலாவது வைக்கலாம்.

பயணியைத் திருத்த முயல்வது

விமான நிலையத்தில் எச்சரிக்கைப் பலகை வைப்பது செலவில்லாத வேலை, பலனும் அதற்கேற்றபடி. செக் தலைநகர் பிராகாவின் நாணய மாற்றுக் கடைகள் பல ஆண்டுகள் பயணிகளை மோசமான விகிதத்தில் மொட்டையடித்தன. செக் நாடு 2019 ஏப்ரலில் சட்டத்தை மாற்றியது: ஆயிரம் யூரோவுக்கு உட்பட்ட மாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரத்து செய்து பணத்தைத் திரும்பப் பெறலாம். பயணி புத்திசாலியாக இருக்க வேண்டிய தேவையே குறைந்தது. பக்கத்துக் கடையில் நல்ல விகிதத்தைப் பார்த்தால் திரும்பி வந்தால் போதும். ரத்தினக்கடைக்கும் மெத்தைக்கடைக்கும் இப்படி ஒரு விதி வைப்பதில் தொழில்நுட்பச் சிக்கல் எதுவும் இல்லை.

இப்போது தாய்லாந்து எதிர்பார்ப்போடு பார்க்கும் கூட்டம் இந்தியர்கள். 2023 நவம்பரில் நமக்கு விசா தளர்ந்ததிலிருந்து நம் ஊர் ஏஜென்ட்டுகள் அடிமாட்டு விலைக்குப் பட்டாயா–பாங்காக் பேக்கேஜ் விற்கிறார்கள். பதிவு செய்யும் முன் நிகழ்ச்சிநிரலைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். "ரத்தினக் காட்சியகம்", "தேன் பண்ணை", "தோல்பொருள் மையம்" என்று நுழைவுக்கட்டணம் இல்லாத நிறுத்தங்கள் எத்தனை, ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம், அங்கே இறங்காமல் பேருந்திலேயே இருக்கலாமா என்று ஏஜென்ட்டிடம் எழுத்தில் கேளுங்கள். விமானக் கட்டணத்தையும் ஓட்டல் வாடகையையும் தனியாகப் போட்டுப் பார்த்து, பேக்கேஜ் அதைவிடக் குறைவாக இருந்தால், மீதியை யார் கட்டுகிறார்கள் என்பதையும் கேட்டுவிடுங்கள்.