சர்வரைத் துண்டிக்கும் முன்: புதிய அட்மின்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாஸ்டடான் (ட்விட்டர் போன்றது), லெம்மி (ரெடிட் போன்றது) முதலிய, பலர் தனித்தனியே நடத்தும் சர்வர்கள் ஒன்றோடொன்று இணைந்து இயங்கும் கூட்டமைப்புத் தளங்களில் புதிதாக சர்வர் நடத்த வருபவர்கள், பழையவர்கள் செய்த தவறுகளையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். பேக்கப், ஸ்பாம் பற்றியெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. சமூகத்தைச் சிதறடிக்கும் தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

லிமிட் போதுமான இடத்தில் சஸ்பெண்ட் செய்வது

மாஸ்டடானில் இன்னொரு சர்வரை 'லிமிட்' செய்தால், அதன் பதிவுகள் பொது ஓடையில் தெரியாது; ஆனால் அங்குள்ளவர்களை ஏற்கெனவே பின்தொடர்பவர்களுக்குத் தொடர்ந்து வரும். 'சஸ்பெண்ட்' செய்தாலோ அந்த சர்வருடனான தொடர்பே துண்டிக்கப்பட்டு, இரு பக்கத்துப் பின்தொடர்தல்களும் அழிந்துவிடும். மறுநாளே தடையை நீக்கினாலும் அவை திரும்பி வருவதில்லை.

எனக்குத் தெரிந்த அட்மின் ஒருவர், பெரிய சர்வர் ஒன்றைச் சேர்ந்த ஓரிருவர் தம் உறுப்பினரை வசைபாடினார்கள் என்பதற்காக, இரவோடு இரவாக அந்த சர்வர் முழுவதையும் சஸ்பெண்ட் செய்தார்; காலையில் கோபம் தணிந்து தடையை விலக்கினார். அதற்குள் அந்த அட்மினின் சர்வரில் கவிதை எழுதிவந்த ஒருவர் தம் வாசகர்களில் பெரும்பகுதியை இழந்திருந்தார்; யார் யார் போனார்கள் என்ற பட்டியல்கூட அவரிடம் இல்லை. அந்த ஓரிருவரின் கணக்குகளை மட்டும் முடக்கியிருந்தால் விவகாரம் அத்தோடு முடிந்திருக்கும் என்பதை நினைத்தால் இன்றும் எரிச்சலாக இருக்கிறது. 2024 அக்டோபரில் வந்த 4.3 பதிப்பு முதல், இப்படி அறுந்துபோன தொடர்புகளின் பட்டியலை உறுப்பினர் தரவிறக்கிக்கொள்ளலாம். அதை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகத் தேடுவது அவர் பாடு.

2023 ஜூனில் பீஹா என்ற லெம்மி சர்வர், லெம்மி.வேர்ல்டு உள்ளிட்ட இரண்டு பெரிய சர்வர்களைத் துண்டித்ததைச் சிலர் முன்னுதாரணமாகக் காட்டுவார்கள். ரெடிட்டிலிருந்து வந்த கூட்டத்தை அங்கே நான்கே நிர்வாகிகள் சமாளித்துக்கொண்டிருந்தார்கள். லெம்மியில் லிமிட் போன்ற நடுவழியும் இல்லை. அந்த நியாயம் மாஸ்டடான் அட்மினுக்குப் பொருந்தாது.

பிறருடைய தடைப்பட்டியலை அப்படியே ஏற்றுவது

பிற அட்மின்கள் தாம் தடுத்த சர்வர்களைத் தொகுத்துப் பகிரும் பட்டியல்களைப் படித்துப் பார்க்காமல் ஏற்றாதீர்கள்.

இருக்கும் குழுவுக்குப் போட்டியாக இன்னொன்று

லெம்மியில் 'டெக்னாலஜி' என்ற குழு பல சர்வர்களில் தனித்தனியே இருப்பதால், ஒரே செய்திக்கு நாலு இடத்தில் அரைகுறை விவாதம் நடக்கிறது. முதலில் தேடுங்கள்.

சர்வரைத் திடீரென மூடுவது

மாஸ்டடானில் கணக்கை வேறு சர்வருக்கு மாற்றும்போது பின்தொடர்பவர்கள் வருவார்கள், பதிவுகள் வரமாட்டா. அதுவும் பழைய சர்வர் இயங்கிக்கொண்டிருந்தால்தான் நடக்கும். மாஸ்டடானின் அதிகாரபூர்வப் பட்டியலில் இடம்பெறும் சர்வர்கள், மூடுவதற்குக் குறைந்தது 3 மாதம் முன்பே அறிவிப்பதாக உறுதி தர வேண்டும். பட்டியலில் சேராத அட்மின்களும் அந்தக் கெடுவையே வைத்துக்கொள்ளலாம்.