சிறு குழந்தைகளுடன் முகாம் பயணம்: திட்டம் உறக்கத்திலிருந்து தொடங்கட்டும்

சிறு குழந்தைகளோடு கூடாரத்திலோ, படுக்கையும் அடுப்பும் உள்ள வண்டியான கேம்பர்வேனிலோ விடுமுறையைக் கழிக்க நினைக்கும் பெற்றோர் பெரும்பாலும் வரைபடத்தை விரித்து, பார்க்க வேண்டிய இடங்களைக் குறிப்பதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை உடன் வரும்போது அந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொள்வது நல்லது. குழந்தை எத்தனை மணிக்கு உறங்கும், எங்கே படுக்கும், நள்ளிரவில் விழித்தால் யார் எழுந்திருப்பது என்பவற்றை முதலில் முடிவு செய்துவிட்டால், ஒரு நாளில் எவ்வளவு தூரம் போகலாம், எப்போது போய்ச் சேர வேண்டும், வண்டி வேண்டுமா கூடாரமே போதுமா என்ற கேள்விகளில் பாதிக்கு விடை கிடைத்துவிடும். நன்றாக உறங்கி எழுந்த குழந்தைக்கு மழைநாளும் விளையாட்டுதான். உறங்காத குழந்தையை எந்த ஏரிக்கரையாலும் சமாதானப்படுத்த முடியாது.

கூடாரத்தின் பெரிய வசதி அதில் எல்லோரும் தரையில் படுப்பது. விழுவதற்கு உயரம் கிடையாது. விழித்த குழந்தைக்கு அம்மாவோ அப்பாவோ கையெட்டும் தூரத்தில் இருப்பார்கள். ஆனால் வெளிச்சத்தையும் ஓசையையும் துணிச்சுவர் தடுப்பதில்லை என்பதால், விடியும்போதே கூடாரம் முழுவதும் விழித்துக்கொள்ளும். வண்டியில் மழைக்கும் காற்றுக்கும் பயமில்லை, பாலைக் குளிரவைத்துக்கொள்ளலாம், படுக்கையிலிருந்து இரண்டடி எடுத்து வைத்தால் அடுப்பு. ஆனால் விடாமல் மழை பெய்யும் நாளில் அதே வண்டி நான்கு பேர் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொள்ளும் சிறு அறையாகிவிடும். வண்டியின் பக்கவாட்டில் ஒரு திறந்த பந்தலையோ சிறு கூடாரத்தையோ இணைத்துக்கொள்வதற்காகும் கூடுதல் செலவு வீண்போவதில்லை என்பது என் கருத்து. வயதைப் பொறுத்தவரை, எல்லோரும் அஞ்சுகிற கைக்குழந்தைப் பருவம் உண்மையில் எளிதானது. தவழத் தொடங்கி நன்றாக நடக்கப் பழகும்வரை உள்ள இடைப்பட்ட மாதங்களே கடினமானவை, ஏனெனில் அப்போது கல், மண், எறும்பு, கூடார முளை என எல்லாமே வாய்க்குப் போகும்.

வண்டியை வாடகைக்கு எடுக்கும்போது

விளம்பரத்தில் எத்தனை பேர் படுக்கலாம் என்று எழுதியிருப்பதும், அதில் சீட் பெல்ட்டோடு எத்தனை இருக்கைகள் உள்ளன என்பதும் வேறு வேறு எண்ணிக்கைகள். நான்கு பேர் படுக்கக்கூடிய வண்டியில் மூன்று பேர் மட்டுமே முறையாகப் பெல்ட் அணிந்து உட்கார முடியலாம். பக்கவாட்டில் திரும்பியிருக்கும் சோபா போன்ற இருக்கையில் குழந்தை இருக்கையை, அதாவது குழந்தைக்கென்று தனியாகப் பொருத்தும் பாதுகாப்பு இருக்கையைப் பொருத்தக் கூடாது. இடுப்புக்கு மட்டும் பெல்ட் உள்ள பழைய வண்டிகளில் பல குழந்தை இருக்கைகள் பொருந்தவே பொருந்தாது. தோளுக்கும் இடுப்புக்குமான மூன்று முனைப் பெல்ட் உண்டா, குழந்தை இருக்கையை வண்டியோடு நேரடியாக மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் உண்டா என்று கேட்டு, முடிந்தால் உங்கள் இருக்கையையே கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள். பின்னோக்கிய குழந்தை இருக்கையை முன் இருக்கையில் வைக்க நேர்ந்தால், அதற்கு எதிரேயுள்ள காற்றுப்பையை (ஏர்பேக்) அணைத்திருக்க வேண்டும். அணைக்க முடியாவிட்டால் அங்கே வைக்கவே கூடாது.

முதல் இரவில்தான் பலருக்குத் தெரியவரும் இன்னொரு சிக்கல் உண்டு. பல வண்டிகளில் பின் இருக்கையே இரவில் கட்டிலாக விரிகிறது. அதாவது, குழந்தை இருக்கையை ஒவ்வொரு மாலையும் கழற்றி, மறுநாள் காலையில் மீண்டும் சரியாகப் பொருத்த வேண்டும். பயணத்தின்போது உறங்கிவிட்ட குழந்தையை எழுப்பாமல் கட்டிலை விரிக்கவும் முடியாது. நிலையான கட்டிலுள்ள வண்டி கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள். சமையல் பாத்திரம், மளிகைப் பொருள், விளையாட்டுச் சாமான் எதுவும் ஓடும் வண்டியில் தளர்வாகக் கிடக்கக் கூடாது, ஏனெனில் சட்டென்று பிரேக் போட்டால் அவை குழந்தையை நோக்கிப் பறக்கும். வண்டி சுமக்கக்கூடிய எடைக்கு வரம்பு உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்: 100 லிட்டர் தண்ணீர் நிரப்பினால் அதுவே 100 கிலோ.

தூரமும் நேரமும்

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது வண்டியை நிறுத்தி, குழந்தையை இருக்கையிலிருந்து எடுத்துக் கைகால்களை நீட்டவிடுங்கள். கைக்குழந்தையை இருக்கையிலேயே நீண்ட நேரம் உறங்கவிடுவதும் பாதுகாப்பானதல்ல, தலை முன்னே சாய்ந்து மூச்சுப்பாதை குறுகக்கூடும். பகல் உறக்கத்தோடு பொருந்தும்படி புறப்பட்டு, ஒரு நாளைக்கு மொத்தம் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்டாமல் இருந்தால் போதும். படுக்கும் நேரத்துக்குக் குறைந்தது மூன்று மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேருங்கள். இருட்டில், பசித்த குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூடாரக் கழிகளைத் தேடுவதைவிட மோசமான மாலை வேறில்லை. எந்த இடத்திலும் இரண்டு இரவுகளாவது தங்குங்கள். முதல் இரவு இடத்துக்குப் பழகுவதிலேயே கழிந்துவிடும்.

முதல் பயணத்தை வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவுக்குள் வைத்துக்கொண்டால், காய்ச்சலோ புயலோ வந்தால் வெட்கப்படாமல் திரும்பிவிடலாம். அதற்கும் முன்னதாக, கூடாரத்தை வீட்டு முற்றத்திலோ, கழிகள் இடம்கொடுத்தால் கூடத்திலோ விரித்து ஓர் இரவு படுத்துப் பாருங்கள்.

இடம் தேர்வு

முகாமிடத்தில் கழிப்பறை அருகில் இருக்கட்டும், ஆனால் இரவெல்லாம் காலடியும் டார்ச் வெளிச்சமும் கடக்கிற அதன் பாதையை ஒட்டி வேண்டாம். காய்ந்த கிளை தொங்கும் மரத்தடி, வறண்ட ஓடைப்படுகை, மழைநீர் தேங்கும் பள்ளம், வண்டிகள் திரும்பும் வளைவு ஆகியவற்றைத் தவிர்த்து விடுங்கள். காலை வெயில் எந்தப் பக்கமிருந்து விழும் என்று பார்த்து, அந்தப் பக்கம் நிழல் இருக்கும்படி கூடாரத்தை அமைத்தால் குழந்தை சற்றுக் கூடுதலாக உறங்கும். வண்டியாக இருந்தால் சக்கரத்தின் கீழ் ஆப்பு வைத்துத் தரையைச் சமப்படுத்துங்கள். சரிவு மிச்சமிருந்தால் தலைமாடு உயரமான பக்கம் இருக்க வேண்டும். கூடாரத்தை இழுத்துக் கட்டும் கயிறுகளில் பளிச்சென்ற துணிகளைத் தொங்கவிடுங்கள், ஓடும் குழந்தைக்கு அந்தக் கயிறுகள் கண்ணில் படுவதில்லை.

படுக்கை

இரவுக் குளிர் பெரும்பாலும் தரையிலிருந்து ஏறுகிறது. ஆகவே போர்வையை அடுக்குவதற்கு முன், அடியில் விரிக்கும் வெப்பத்தடுப்புப் பாயைக் கவனியுங்கள். வெறும் காற்றடைத்த மெத்தையின் உள்ளே காற்று சுழன்று உடல் சூட்டைத் தரைக்குக் கடத்திவிடும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் காற்று மெத்தை எந்தப் பருவத்திலும் ஆகாது. வீட்டில் உள்ள விதியே இங்கும் பொருந்தும்: சமமான, உறுதியான தனிப் படுக்கையில், மல்லாந்து, தலையணையும் தளர்ந்த போர்வையும் இல்லாமல் கிடத்த வேண்டும். போர்வைக்குப் பதிலாகக் குழந்தையின் அளவுக்கே தைத்த, கை வெளியே இருக்கும் உறக்கப் பையை அணிவியுங்கள். பெரியவர்களின் உறக்கப் பைக்குள் கைக்குழந்தையைச் செருகினால் முகம் மூடிக்கொள்ளும் ஆபத்து உண்டு. குளிர்கிறதா வியர்க்கிறதா என்பதை அறியக் கையையோ காலையோ தொட்டுப் பார்க்காமல், பிடரியையோ மார்பையோ தொட்டுப் பாருங்கள். விரல்கள் எப்போதும் சில்லென்றே இருக்கும். மடிப்புத் தொட்டில் எடுத்துச் செல்வதானால், அது கூடாரத்தின் உள்ளறையில் நுழையுமா என்று புறப்படுவதற்கு முன் அளந்து பார்த்துவிடுங்கள்.

வண்டியின் மேல்தட்டுப் படுக்கையில் ஆறு வயது நிரம்பாத குழந்தையைப் படுக்கவைக்க வேண்டாம். அதற்கு மேற்பட்டவர்களுக்கும் தடுப்பு வலை தேவை. உறக்கத்துக்கு முன் வீட்டில் எது எந்த வரிசையில் நடக்குமோ, பல் துலக்குதல், கதை, பாட்டு என்று அதே வரிசையில் இங்கும் நடக்கட்டும். வீட்டில் விரித்த படுக்கைவிரிப்பைத் துவைக்காமலே எடுத்து வாருங்கள், அதன் மணம் தாலாட்டு போலவே வேலை செய்யும்.

நெருப்பும் வாயுவும்

மற்ற எல்லாவற்றிலும் சற்று விட்டுக்கொடுக்கலாம், இதில் கூடாது. கேஸ் அடுப்பையோ கரி அடுப்பையோ கூடாரத்துக்குள் எரிக்கக் கூடாது, வண்டிக்குள் சூடேற்றுவதற்காக அடுப்பைப் பற்றவைக்கவும் கூடாது. அணைந்துவிட்டதுபோல் தோன்றும் கரியும் மணிக்கணக்கில் கார்பன் மோனாக்சைடை வெளியிடும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை; தலைவலி, குமட்டல், சோர்வு என்ற அதன் அறிகுறிகளைச் சிறு குழந்தையிடம் கண்டால் அலைச்சல் களைப்பு என்றே நினைப்போம். எனவே வண்டியோ கூடாரமோ, அந்த வாயுவைக் கண்டறிந்து ஒலிக்கும் கருவி ஒன்று கட்டாயம் இருக்கட்டும். சமையல் வாயுவான புரோப்பேனும் பியூட்டேனும் காற்றைவிடக் கனமானவை. கசிந்தால் தரையில், அதாவது குழந்தைகள் படுக்கும் உயரத்தில் தேங்கும். அதை வெளியேற்றவே வண்டியின் தரையில் காற்றுத்துளைகள் வைத்திருக்கிறார்கள். குளிர்கிறதென்று அவற்றைப் பாயாலோ துணியாலோ அடைக்காதீர்கள். பியூட்டேன் மட்டும் நிரப்பிய குப்பி 0 டிகிரி செல்சியஸை நெருங்கும் குளிரில் எரியாது என்பதால், குளிர்ப்பகுதியில் காலைப் பாலைச் சுடவைக்கப் புரோப்பேன் கலந்த குப்பியே உதவும்.

வெளியே தீ மூட்டினால், அதைச் சுற்றி மூன்று எட்டு தள்ளிக் கயிற்றாலோ கற்களாலோ ஒரு வட்டம் போட்டு, பெரியவர் கையைப் பிடிக்காமல் அதற்குள் யாரும் வரக்கூடாது என்று பழக்குங்கள். அணைக்கும்போது மணலைப் போட்டு மூடுவது பலரின் வழக்கம். அது மிகத் தவறான வழக்கம், ஏனெனில் மணலுக்கடியில் தணல் பல மணி நேரம் சூடாறாமல் கிடக்க, மறுநாள் காலையில் வெறுங்காலோடு ஓடும் குழந்தை அதன்மேல் கால் வைக்கும். தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, சூடு முழுவதும் அடங்கியதை உறுதி செய்யுங்கள். தீப்புண் பட்டுவிட்டால் ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். பனிக்கட்டி, எண்ணெய், பற்பசை எதையும் தடவக் கூடாது. கைக்குழந்தைக்குப் புண் பட்டாலோ, கொப்புளம் பெரிதாக இருந்தாலோ மருத்துவரிடம் செல்லுங்கள்.

உணவு, நீர், வெளி

தண்ணீரின் தூய்மை சந்தேகமானால் நன்றாகக் கொதித்த பின்னும் 1 நிமிடம் கொதிக்கவிடுங்கள். 2,000 மீட்டருக்கு மேற்பட்ட மலையில் 3 நிமிடம். குளிர்பெட்டியின் உட்புறம் 5 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. சமைத்ததை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருந்து குழந்தைக்குக் கொடுக்காதீர்கள், வெயில் கடுமையானால் ஒரு மணி நேரம்தான்.

நிறுத்திய வண்டி வெயிலில் பத்தே நிமிடத்தில் சுமார் 10 டிகிரி சூடேறிவிடும். சன்னலைச் சிறிது திறந்துவைப்பதால் பெரிய மாற்றம் இராது. ஆகவே உறங்கும் குழந்தையை ஒரு நொடிக்கென்றுகூட உள்ளே விட்டுப் போகக் கூடாது. நீர்நிலை அருகே பெரியவர்களில் ஒருவர் கைபேசியை வைத்துவிட்டு, எட்டிப் பிடிக்கும் தூரத்திலேயே நிற்க வேண்டும். குழந்தைகள் கூச்சலிட்டு மூழ்குவதில்லை. முழங்கால் ஆழத்திலும் ஓசையின்றி மூழ்குகிறார்கள். வழி தவறினால் நடக்காமல் ஒரு மரத்தருகே நின்று விசில் ஊதும்படி மூன்று வயதுக் குழந்தைக்கும் கற்றுக்கொடுக்கலாம். உங்கள் தொலைபேசி எண்ணை மணிக்கட்டுப் பட்டையில் எழுதிவிடுங்கள். கொசுவுக்கு, இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு மருந்து பூசாமல் வலையையே நம்புங்கள்.

துணியும் பொம்மையும் நினைப்பதைவிடக் குறைவாகவே தேவைப்படும்: ஒரு வாளி, ஒரு கரண்டி, ஒரு பந்து, ஆளுக்கொரு தலைவிளக்கு. மழைக்காலணியிலும் கூடுதல் காலுறைகளிலும் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். இரவில் கழிப்பறைவரை நடப்பதைத் தவிர்க்க, மூடியுள்ள சிறு மலக்கலம் ஒன்றை வாசலில் வைத்துக்கொள்ளுங்கள்.

புறப்படும் நாளில் கலைத்து அடுக்குவதற்கு வழக்கமான நேரத்தைப்போல் இரு மடங்கு ஒதுக்குங்கள். ஒருவர் குழந்தையோடு நடக்கப் போகட்டும், மற்றவர் தனியாகவே விரைவில் முடித்துவிடுவார். சற்று வளர்ந்த குழந்தையானால் முளைகளை எண்ணிப் பையில் போடும் வேலையை அதனிடம் கொடுக்கலாம். பனியில் நனைந்த கூடாரத்தைச் சுருட்டியே எடுத்து வந்திருந்தால், ஓரிரு நாளுக்குள் விரித்து முற்றிலும் உலர்த்துங்கள். இல்லாவிட்டால் அடுத்த பயணத்தில் பூஞ்சைக் கறையோடும் நாற்றத்தோடும்தான் அதைப் பிரிக்க நேரும்.