விவசாயிகள் இயக்கமும் நகரச் சீர்திருத்தமும்: ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1890களில் அமெரிக்க விவசாயிகள் எழுப்பிய பாப்புலிஸ்ட் இயக்கத்தையும், அதையடுத்து நகரங்களில் வளர்ந்த முற்போக்குச் சீர்திருத்தத்தையும் ஒப்பிடுபவர்கள் பலர் தொடக்கத்திலேயே சறுக்குகிறார்கள். கிராமத்தார் பழைய காலத்துக்கு ஏங்கினார்கள், நகரத்தார் எதிர்காலத்தைப் பார்த்தார்கள் என்று பிரித்துவிடுகிறார்கள்.

1892 ஜூலையில் ஒமாஹா நகரில் பாப்புலிஸ்டுகளின் மக்கள் கட்சி வெளியிட்ட கொள்கை அறிக்கையைப் பாருங்கள். வருமானம் ஏற ஏற விகிதமும் ஏறும் வரி, ரயிலும் தந்தியும் அரசின் கையில், அஞ்சலகச் சேமிப்பு வங்கி. இதில் பழமை எங்கே இருக்கிறது? தெற்கின் பருத்தி விவசாயி வரப்போகும் விளைச்சலை அடகு வைத்துத்தான் கடைக்காரரிடம் விதையும் மாவும் கடனாக வாங்கினார். அறுவடையில் விலை சரிந்தாலும் விற்றே ஆகவேண்டும். அதனால்தான் விளைச்சலை அரசுக் கிடங்கில் வைத்து, அதன் பேரில் குறைந்த வட்டிக்குக் கடன் தரும் திட்டத்தை இந்தக் கட்சிக்கு முன்னோடியான விவசாயிகள் சங்கம் முன்வைத்தது. நிதி அமைப்பைப் புரிந்துகொண்டவர்களின் யோசனை அது.

1896 அதிபர் தேர்தலில், மக்கள் கட்சியும் ஆதரித்த ஜனநாயகக் கட்சி வேட்பாளர் பிரையன் தோற்றதோடு எல்லாம் முடிந்தது என்பது அடுத்த தவறு. மக்கள் கட்சி தேய்ந்தது உண்மைதான். ஆனால் வருமான வரியும், செனட்டர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முறையும் 1913இல் அரசியல் சட்டத் திருத்தங்களாகவே வந்துவிட்டன.

அதற்காக எல்லாப் பெருமையையும் விவசாயிகளுக்கே கொடுத்துவிடவும் கூடாது. தொழிற்சாலைப் பாதுகாப்புச் சட்டங்கள் நகரத்தின் வேதனையில் பிறந்தவை. 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கின் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தபோது ஒரு வாசல் பூட்டிக் கிடந்தது. 146 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் புலம்பெயர்ந்த இளம்பெண்கள். அப்புறம் விசாரணைக் குழுவை நடத்திச் சட்டங்களைக் கொண்டுவந்த ராபர்ட் வாக்னரும் ஆல் ஸ்மித்தும், ஊழலுக்குப் பேர்போன டாமனி ஹால் என்ற நியூயார்க் ஜனநாயகக் கட்சி அமைப்பில் வளர்ந்தவர்கள். நல்ல சீர்திருத்தக்காரர், கெட்ட கட்சிக்காரர் என்ற கோடும் இங்கே அழிந்துபோகிறது.

இனப் பிரச்சினையை ஓரமாக ஒதுக்கும் ஒப்பீட்டை மட்டும் என்னால் ஏற்கவே முடியாது. தெற்கின் விவசாயிகள் சங்கம் வெள்ளையருக்கு மட்டுமே என்றிருந்ததால் கறுப்பின விவசாயிகள் தனிச் சங்கம் வைக்க நேர்ந்தது. வட கரோலினாவில் பாப்புலிஸ்டுகளும் குடியரசுக் கட்சியினரும் கைகோத்து ஆட்சியைப் பிடித்தார்கள். கறுப்பின மக்களின் வாக்கு அந்தக் கூட்டணிக்குப் பெரும் பலம். 1898இல் அதே மாநிலத்தின் வில்மிங்டன் நகரில் ஆயுதம் ஏந்திய வெள்ளையர் கும்பல் கறுப்பின மக்களைக் கொன்று, நகர நிர்வாகத்தையும் கவிழ்த்தது. நகரச் சீர்திருத்தத்தின் ஏடும் சுத்தமில்லை. முற்போக்காளர் என்று கொண்டாடப்பட்ட அதிபர் உட்ரோ வில்சனின் ஆட்சியில்தான், அந்த அரசியல் சட்டத் திருத்தங்கள் வந்த அதே 1913இல், மத்திய அரசு அலுவலகங்களில் கறுப்பின ஊழியர்களைத் தனியே பிரித்து உட்காரவைக்கத் தொடங்கினார்கள்.