குப்பை எடுக்க வரும் அக்காவுக்கு நாம் செய்யக்கூடியது

போன வாரம் எங்கள் தெருவுக்குக் குப்பை எடுக்க வரும் அக்காவின் ஆள்காட்டி விரலில் துணிக் கட்டு. யாரோ உடைந்த டம்ளரை அப்படியே கவரில் போட்டு முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். "கையுறை போட்டாலும் குத்திருதும்மா" என்றார். மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது. நாங்களும் அப்படிப் போட்டவர்கள்தானே!

இப்போது கண்ணாடி உடைந்தால் செய்தித்தாளில் நாலைந்து சுற்று சுற்றி, பழைய அட்டைப்பெட்டியில் வைத்து டேப் ஒட்டிவிடுகிறோம். மேலே சிவப்பு மார்க்கரில் பெரிதாக 'கண்ணாடி' என்று எழுதுங்கள். கொடுக்கும்போது வாயாலும் சொல்லிவிடுங்கள். அவசரத்தில் எழுத்தைக் கவனிக்காமல் போகலாம். பிளேடு, இன்சுலின் ஊசியைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, இறுக மூடித் தனியாகக் கொடுங்கள். நாப்கின், டயப்பரும் தாளில் சுற்றித் தனியாகத்தான். 2016-ம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே இது சொல்லப்பட்டிருந்தது.

ஈரக் குப்பையை வடித்துவிட்டுப் போட்டால் சாம்பார் தண்ணீர் அவர் கையில் ஒழுகாது. சிங்க்கில் ஒரு வடிதட்டு போதும்.

வெயில் காலத்தில் ஒரு டம்ளர் மோர் கொடுக்கலாம். உப்பு, கறிவேப்பிலை, கொஞ்சம் இஞ்சி தட்டிப் போட்டு, நாம் குடிக்கும் அதே எவர்சில்வர் டம்ளரில் கொடுங்கள். இதற்கென்று தனி டம்ளர் வைக்காதீர்கள், தயவுசெய்து.

அவர் பெயரையும் கேட்டு வையுங்கள். இரண்டு வருடமாகத் தினமும் பார்த்தும், நான் போன வாரம்தான் கேட்டேன். இப்போது என் மகள் வண்டிச் சத்தம் கேட்டதும் பெயர் சொல்லி "அக்கா, இருங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே வாசலுக்கு ஓடுகிறாள்.