பிரான்சில் தங்கும் பெற்றோருக்குச் சர்க்கரை மாத்திரை: அங்கே என்ன பெயரில் தேடுவது?

புதுச்சேரியில் பிள்ளைகள் பிரான்சிலும் பெற்றோர் இங்குமாக இருக்கும் குடும்பங்கள் நிறைய. அம்மா பாரீஸ் பக்கம் அக்கா வீட்டில் கூடுதலாகத் தங்க நேர்ந்து, கொண்டுபோன மாத்திரை தீரப் போனபோது நாங்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் பிராண்ட் பெயரை மறந்துவிடுங்கள். அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரையும் மில்லிகிராமையும் தாளில் எழுதுங்கள். பெரும்பாலான நாடுகளில் செல்லுபடியாவது அந்தப் பெயர்தான்.

அடுத்தது, ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகள் சேர்ந்த கூட்டு மாத்திரையைப் பிரித்து எழுதுவது. இங்கேதான் நிதானம் வேண்டும். கிளைக்கோமெட் ஜிபி 1 என்ற மாத்திரை என்றால் அந்த 1 (மி.கி.) கிளிமிபிரைட் என்ற மருந்தின் அளவு. கூடவே 500 மி.கி. மெட்ஃபார்மின் இருக்கிறது. ஃபோர்ட் என்று சேர்ந்தால் மெட்ஃபார்மின் 1000. பிரான்சில் இந்த இரண்டும் சேர்ந்த ஒரே மாத்திரை கிடையாது, தனித்தனியாகத்தான் வாங்க வேண்டும். மெட்ஃபார்மின் அங்கே குளுக்கோஃபாஜ், கிளிமிபிரைட் அமரேல். குளுக்கோவான்ஸ் என்ற கூட்டு மாத்திரையைப் பார்த்து இதுதான் அது என்று நினைத்துவிட வேண்டாம். அதில் மெட்ஃபார்மினுடன் இருப்பது கிளிபென்கிளமைட். வயதானவர்களுக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கும் ஆபத்து அதில் அதிகம்.

பெயருக்குப் பின்னால் எஸ்ஆர் இருக்கிறதா என்றும் பாருங்கள். மெதுவாகக் கரையும் வகை அது. அங்கே சாதாரண மெட்ஃபார்மின் கொடுத்தால் எத்தனை வேளை என்பது மாறலாம். அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், நாமே கணக்குப் போடக் கூடாது.

டெனெலிகிளிப்டின், வோக்லிபோஸ் என்ற சர்க்கரை மருந்துகள் இரண்டும் பிரான்சில் கிடைக்காது. பயோகிளிட்டசோன் என்ற இன்னொன்றை அங்கே 2011-லேயே நிறுத்திவிட்டார்கள். இவற்றில் ஒன்று உங்கள் சீட்டில் இருந்தால், கிளம்பும் முன்பே இங்குள்ள மருத்துவரிடம் மாற்று கேளுங்கள்.

தேடுவதற்கு பிரான்ஸ் அரசின் பொது மருந்துத் தகவல்தளமே என் தேர்வு. மருந்துப் பெயரைப் போட்டால் அங்கே விற்கும் பிராண்டுகள் எல்லாம் வரும். மாற்று மருந்து சொல்லும் செயலிகளை நான் நம்புவதில்லை. கூட்டு மாத்திரையில் ஒரு பாதியை மட்டும் பொருத்திக் காட்டுகின்றன.

அப்புறம் சீட்டு. பிரான்சில் இவை மருத்துவர் சீட்டு இல்லாமல் கிடைக்காது. மருந்துப் பெயர்களைப் பெரிய எழுத்தில் எழுதிய இங்குள்ள சீட்டு, கடைசி ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) ரிப்போர்ட், கிரியாட்டினின் (சிறுநீரகப் பரிசோதனை) ரிப்போர்ட் மூன்றையும் அங்குள்ள மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரியாமல் மெட்ஃபார்மின் அளவை முடிவு செய்ய முடியாது. மாத்திரை தீரும்வரை காத்திருக்காமல் முன்னதாகவே நேரம் வாங்குங்கள்.

பிற்சேர்க்கை: பிரான்சில் எடுத்த அப்பாவின் ரிப்போர்ட்டில் சர்க்கரை 1.26 என்று இருக்கிறதே என்று பதறி ஒருவர் கேட்டிருந்தார். அங்கே லிட்டருக்குக் கிராம் கணக்கு. டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்ற நம் கணக்கில் 126-தான் அது. லண்டன் ரிப்போர்ட்டில் லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில் 7 என்று வந்தால் 18-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள், அதுவும் 126.