கார்னர், ஃப்ரீகிக்: கோலை எண்ணாமல் ஓர் அணியை எடைபோடுவது எப்படி?

2016 பிப்ரவரியில் பினாங்கு பண்டாராயா அரங்கில் பஹாங்குக்கு எதிராக முகமது ஃபைஸ் சுப்ரி அடித்த ஃப்ரீகிக், ஒரு பக்கம் போவதுபோல் போய் மறுபக்கம் வளைந்து வலைக்குள் விழுந்தது. ஆண்டின் மிகச் சிறந்த கோலுக்கு ஃபிஃபா தரும் புஷ்காஷ் விருதும் வாங்கித் தந்தது. மலேசியக் காற்பந்துக்கே பெருமை. ஆனால் செட் பீஸில், அதாவது கார்னர், ஃப்ரீகிக் போல நிறுத்திவைத்த பந்தை அடிக்கும் வாய்ப்புகளில், ஓர் அணி எப்படி என்று அளக்க இப்படியொரு கோலைப் பிடித்துக்கொண்டால் கணக்கு தப்பிவிடும். பெரிய லீக்குகளிலேயே 100 கார்னருக்கு மூன்று, நான்கு கோல்தான். ஆட்டத்துக்கு ஐந்து கார்னர் என்றால் 10 ஆட்டத்தில் 50. அதில் ஒரு கோல் கூடுவதும் குறைவதும் அதிர்ஷ்டம்.

அதனால் நோட்டில் கார்னருக்கு ஒரு வரி எழுதுங்கள்: எந்தக் காலால் அடித்தார், பந்து கோலை நோக்கி வளைந்ததா விலகியதா, முன்கம்பமா நடுவா பின்கம்பமா, முதலில் தொட்டது யார், அடுத்த பத்து விநாடியில் என்ன ஆனது.

இவற்றில் முதல் தொடல்தான் உயிர். பந்து பறக்கும்போது பந்தைப் பார்க்காதீர்கள். கோல்கீப்பருக்கு முன்னால் நிற்கும் இரண்டு பேரைப் பாருங்கள். ஒருவர் எதிரணித் தடுப்பாளரை மறித்து வழிவிட, பின்னாலிருந்து ஓடி வருபவர் காலியான இடத்தில் தலையைக் கொடுத்தால், பந்து கம்பத்துக்கு மேலே போனாலும் அது நல்ல கார்னர். முட்டி மோதி யார் தலையிலோ பட்டு உள்ளே போனது கோல்தான், ஆனால் திட்டமில்லை. பத்தில் நான்கு முறை தன் ஆளே முதலில் தொட்டால் அந்த அணி உழைத்திருக்கிறது என்பேன். டிவியில் கேமரா பெரும்பாலும் அடிப்பவர் முகத்திலேயே நிற்கும். கோலாலம்பூரின் செராஸ் அரங்குக்கோ பினாங்கு பண்டாராயாவுக்கோ நேரில் போனால் உயரமான வரிசையில் உட்காருங்கள்.

தடுப்பதற்கும் இதே நோட்டு போதும். முன்கம்பத்தில் ஆள் நிற்கிறாரா, வெட்டி அனுப்பிய பந்து பெனால்டி பெட்டிக்கு வெளியே யார் காலில் விழுகிறது என்று குறியுங்கள். சாயங்கால மழை பெய்த திடலில் கோல்கீப்பர்கள் பந்தைப் பிடிக்காமல் குத்துவார்கள். அந்த இரண்டாவது பந்தில்தான் பல கோல்கள் போகின்றன. மழையையும் வரியில் சேருங்கள்.

சொந்தக் கார்னரில் வாங்கிக் கட்டிக்கொள்ளும் எதிர்த்தாக்குதலை மாமாக் கடையில் யாரும் பேசுவதில்லை. பின்னால் இரண்டு பேரை மட்டும் விட்டுவிட்டு எல்லாரும் ஏறும் அணிக்கு, அதையும் நோட்டில் எண்ணினால் கணக்கு கசக்கும்.

பெனால்டியைத் தனியாக வையுங்கள். 11 மீட்டரில் நான்கில் மூன்றுக்கு மேல் உள்ளே போய்விடும். சேர்த்தால் மொத்தக் கணக்கும் வீங்கிவிடும்.

10 ஆட்டம் முடிந்ததும் வரிகளை அடிப்பவர் வாரியாகப் பிரியுங்கள். வழக்கமாக அடிப்பவர் இல்லாத நாளில் முதல் தொடல் பாதியாகச் சரிந்தால், அந்த அணியிடம் இருப்பது ஒரு நல்ல கால் மட்டுமே. பயிற்சியாளர் ஓட்டங்களை இன்னும் சொல்லித் தரவில்லை.